தண்டுவடத் தூண்டல்: வலியின் வேதியியலை மின்சாரம் மாற்றுவது எவ்வாறு?

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்கிறோம். ஸ்கேனில் காரணம் தென்படாததால் நோயாளி கூறும் வலி பொய்யாகிவிடாது. அவரது தண்டுவடத்தின் வேதிச் சமநிலையே மாறியிருக்கக்கூடும். குடும்பத்தார் இதனை உணர்தல் மிகவும் இன்றியமையாதது.

இரு வேதிப்பொருள்கள்

உடலிலிருந்து வரும் வலிச்செய்தி, தண்டுவடத்தின் பின்பகுதியில் ஒரு நரம்பணுவிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறுகிறது. குளூட்டமேட் என்னும் வேதிப்பொருள் செய்தியை முன்செலுத்துகிறது. காபா என்பது அதனை அடக்குகிறது. நரம்பு பழுதுபட்டால் காபாவின் கட்டுப்பாடு தளர்ந்து, குளூட்டமேட்டின் கை ஓங்கலாம். அப்போது ஆடை உரசினாலும் வலிக்கும்.

சிகிச்சை செயல்படும் விதம்

தண்டுவடத்திலுள்ள ஒரு 'வாயில்' வலிச்செய்தியைத் தடுக்கவோ அனுமதிக்கவோ வல்லது என்னும் கோட்பாட்டை 1965இல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் ஆகியோர் வெளியிட்டனர். அதன் அடிப்படையில், 1967இல் அமெரிக்க மருத்துவர் நார்மன் ஷீலி முதல் தண்டுவடத் தூண்டல் கருவியைப் பொருத்தினார்.

மெல்லிய மின்கம்பிகள் தண்டுவட உறைக்கு வெளியே வைக்கப்படுகின்றன. பேட்டரியுடன் கூடிய சிறு கருவி தோலுக்கடியில் பொருத்தப்படுகிறது. மின்துடிப்புகள் தொடுவுணர்வு நரம்பிழைகளைத் தூண்டும்போது காபா மிகுதியாகச் சுரப்பதும் குளூட்டமேட் குறைவதும் விலங்காய்வுகளில் காணப்பட்டுள்ளன. மூளையிலிருந்து கீழிறங்கி வலியை அடக்கும் நரம்புப் பாதைகளும் விழிப்புறுகின்றன. செரோடோனின் அப்பாதைகளின் தூதுப்பொருள்களுள் ஒன்று. ஆகவே இச்சிகிச்சை வலியை வெறுமனே மரத்துப்போகச் செய்வதன்று. குலைந்த சமநிலையைச் சீராக்க முயல்வதாகும்.

நோயாளிகள் கருத்தில் கொள்ள வேண்டியவை

இது அனைவருக்கும் பலன் தருவதில்லை. எனவே முதலில் சில நாள்கள் தற்காலிகக் கம்பிகளைக் கொண்டு சோதிப்பர். வலி பாதியளவேனும் குறைந்தால் நிரந்தரக் கருவி பரிந்துரைக்கப்படுவது வழக்கம். அந்நாள்களில் வலியின் அளவோடு உறக்கம், நடக்கும் தூரம் ஆகியவற்றையும் குறித்து வைப்பது முடிவெடுக்கத் துணைபுரியும்.

இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோரும், இதயமுடுக்கி பொருத்தியோரும், நீரிழிவு உள்ளோரும் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். கருவி பொருத்திய பின் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் கருவியின் அட்டையைக் காட்டுங்கள். புண்ணில் சிவப்பு, சீழ், காய்ச்சல் ஆகியன தோன்றினாலோ, கால்கள் வலுவிழந்தாலோ உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். வலி குறைந்ததென்று மாத்திரைகளைத் தாமாக நிறுத்தாதீர்கள்; மருத்துவர் அவற்றைப் படிப்படியாகக் குறைப்பார்.