கூடினால் நிறை குறையும்

1948இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் எஸ்தர் மான்ஸ் என்ற இல்லத்தரசி சில தோழிகளோடு தொடங்கியதுதான் 'டாப்ஸ்' என்ற இலாப நோக்கற்ற எடைக்குறைப்புச் சங்கம். மன்னாரிலும் நாம் அப்படிக் கூடலாம்.

● மாதர் சங்கத்தில் ஐந்தாறு பேர் சேருங்கள். வாரம் ஒருநாள், ஒரே தராசில் நிறை பாருங்கள். அவரவர் கொப்பியில் எழுதுங்கள், கேலி வேண்டாம்.

● முதலில் அரச ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையத்தில் பிரஷர், சீனி பாருங்கள், இலவசம்.

● இடுப்பளவு பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரைத் தாண்டினால் கவனம்.

● வெயில் ஏறுமுன் பள்ளிமுனைப் பெருக்கமரம் வரை சேர்ந்து நடவுங்கள்.

● பொரித்த மீனைக் குறைத்துக் குழம்பு மீனைக் கூட்டுங்கள். தேத்தண்ணீருக்குச் சீனி வேண்டாம்.

● வாரம் அரைக் கிலோ குறைந்தாலே போதும். சலரோகத்துக்கு மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்டே சாப்பாட்டை மாற்றுங்கள்.