தானியங்கிக் கியர்ப் பெட்டியும் எச்சரிக்கை விளக்கும்

மோட்டார் வண்டியின் முகப்புப் பலகையில் மஞ்சளாக எரியும் எச்சரிக்கை விளக்கைப் பற்றி மக்களிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. விளக்கு எரிந்தால் ஏதோ ஓர் உறுப்பு கெட்டே போயிற்று என்று கருதிவிடுகின்றனர். உண்மை அதுவன்று. வண்டிக்குள் இருக்கும் கணிப்பொறி, தான் எதிர்பார்த்த எண்ணுக்கும் தனக்கு வந்து சேர்ந்த எண்ணுக்கும் இடையே முரண்பாடு கண்டது. விளக்கின் பொருள் அவ்வளவே. முரண்பாட்டுக்குக் காரணம் உறுப்பாக இருக்கலாம். எண்ணைச் சுமந்து வந்த தூதனாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்து அறிவது எப்படி என்பதை ஒரு பழைய மினிவேனை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்க முயல்கிறேன்.

வண்டி இருப்பது அமெரிக்காவில், ஓகாயோ மாநிலத்தில் ஒரு சிற்றூரில். என் பெரியப்பா மகன் அங்கு வேலை பார்க்கிறார். 2003-இல் செய்த அவ்வண்டியை 2,500 டாலருக்குப் பழையதாக வாங்கியிருந்தார். செய்த கம்பெனியின் பெயர் நம் பாடத்துக்கு வேண்டாதது. 2024 டிசம்பரில் ஒருநாள் விளக்கு எரிந்தது. வண்டி அதன்பின் கியர் மாற மறுத்தது. பட்டறையில் பார்த்தவர், "கியர்ப் பெட்டியையே இறக்கிப் புதுப்பிக்க வேண்டும், 2,800 டாலர் ஆகும்" என்று சொல்லிவிட்டார். வண்டியின் விலையைவிடப் பழுதின் விலை கூடுதல்! அண்ணி மருத்துவமனையில் இரவுப்பணி செய்பவர். அவ்வூரில் பஸ் கிடையாது. "தம்பி, நீ பௌதிகம் படிக்கிறாயே, இதைக் கொஞ்சம் யோசித்துச் சொல்லேன்" என்று அண்ணன் தொலைபேசியில் கேட்டார். அப்படித்தான் நான் இதில் இறங்கினேன்.

முதலில் பெட்டியின் அமைப்பைக் காண்போம். இயந்திரத்துக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவே 'டார்க் கன்வர்ட்டர்' என்னும் உருண்டைக் கலம் இருக்கிறது. அதனுள்ளே எண்ணெய். இயந்திரம் ஒரு பக்கத்துத் தகடுகளைச் சுழற்ற, எண்ணெய் பாய்ந்து மறுபக்கத்துத் தகடுகளைச் சுழற்றுகிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓட்டினால் மற்றது மெல்லச் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அதுதான். அதற்கப்பால் கோள் பற்சக்கரங்கள். நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றிச் சிறு சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுழல விடுகிறோம் என்பதற்கேற்பக் கியர் மாறும். பிடிப்பவை கிளட்ச்சுகள். கிளட்ச்சை அழுத்துவது எண்ணெயின் அழுத்தம். அந்த எண்ணெய்க்கு வழி திறந்தும் மூடியும் விடுபவை சாலினாய்டு என்னும் மின்காந்த வால்வுகள். அவற்றை ஆள்வது கணிப்பொறி.

இந்த வண்டியின் பெட்டிக்கு நான்கு முன் கியர்கள். பெட்டிக்குள் வரும் தண்டின் சுழற்சியை வெளிச் செல்லும் தண்டின் சுழற்சியால் வகுத்தால் முதல் கியரில் 2.84, இரண்டாவதில் 1.57, மூன்றாவதில் 1.00, நான்காவதில் 0.69 வரவேண்டும். பற்களின் எண்ணிக்கை மாறாதிருக்கும் வரை இவ்விகிதமும் மாறாது. கணிப்பொறிக்கு இரண்டு சென்சார்கள் உண்டு. ஒன்று உள் தண்டின் வேகத்தையும் மற்றொன்று வெளித் தண்டின் வேகத்தையும் சொல்லும். கணிப்பொறி ஓயாமல் வகுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. விடை ஒவ்வாவிட்டால் அஞ்சிவிடுகிறது. அஞ்சியதும் சாலினாய்டுகளுக்குப் போகும் மின்சாரத்தை அடியோடு நிறுத்தி, விளக்கை எரியவிடும். மின்சாரமே இல்லாதபோது எண்ணெயின் வழிகள் தாமாகவே இரண்டாம் கியரைப் பிடிக்குமாறு அமைத்திருக்கிறார்கள். ஆகவே வண்டி நொண்டிக்கொண்டாவது வீடு வந்து சேரும். இதை அமைத்தவரின் அறிவை நான் வியக்கிறேன். கெட்டுப்போனால் எப்படிக் கெட வேண்டும் என்றும் முன்கூட்டியே எண்ணியிருக்கிறாரே!

சாவியை அணைத்து மீண்டும் போட்டால் வண்டி சிறிது நேரம் ஒழுங்காக ஓடி, பின்பு மறுபடியும் நொண்டியது. இது கவனிக்கத் தக்கது. கிளட்ச் தேய்ந்து போயிருந்தால் அது சாவியைத் திருப்பியதால் குணமாகாது.

அடுத்தது குறியீடு. அமெரிக்காவில் 1996 முதல் விற்கும் கார், மினிவேன் முதலியவற்றில் ஓ.பி.டி.-2 என்னும் பொதுவான இணைப்புத் துளை இருக்க வேண்டும். அது ஸ்டீயரிங்கின் கீழ்ப்புறம் இருக்கும். வாசிப்புக் கருவியை அதில் செருகினால் கணிப்பொறி குறித்து வைத்த எண்கள் கிடைக்கும். மலிவான கருவி பி 0700 என்று மட்டும் காட்டும். "கியர்ப் பெட்டியின் கணிப்பொறியிடம் ஒரு செய்தி இருக்கிறது, அதனிடமே போய்க் கேள்" என்பதே அதன் பொருள். இதை மட்டும் பார்த்துப் பெட்டியை இறக்குவது, தபால்காரர் கதவைத் தட்டியதுமே கடிதத்தைப் பிரிக்காமல் அழத் தொடங்குவதற்கு ஒப்பாகும். அண்ணன் நண்பரொருவரிடம் நல்ல கருவியை இரவல் வாங்கிப் படித்தார். மேலும் இரண்டு எண்கள் கிடைத்தன. பி 0732: இரண்டாம் கியரின் விகிதம் தவறு. பி 0720: வெளித் தண்டின் வேகச் சென்சாரில் பழுது. பட்டறைக்காரர் முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டு கிளட்ச் வழுக்குகிறது என்று முடிவு கட்டியிருக்கிறார் போலும்.

இங்கேதான் கணக்கு உதவுகிறது. வெளித் தண்டு நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும்போது இரண்டாம் கியரில் உள் தண்டு 2,355 முறை சுழல வேண்டும். கிளட்ச் வழுக்கினால் உள் தண்டு 2,700-க்கு ஏறும், விகிதம் 1.80 ஆகும், இயந்திரம் உறுமுவது காதிலும் விழும். வழுக்கல் உள் தண்டைத்தான் எகிறச் செய்யும். ஓடும் வண்டியில் வெளித் தண்டின் எண் திடீரென விழாது. ஏனெனில் வெளித் தண்டுக்கும் சக்கரங்களுக்கும் நடுவே கிளட்ச் எதுவும் இல்லை, பற்சக்கரங்களே உள்ளன. சக்கரம் சுழன்றால் அத்தண்டும் சுழன்றே தீரும்.

அண்ணியை அருகில் உட்காரவைத்து எண்களைப் பார்க்கச் சொன்னேன். அண்ணன் வண்டியோட்ட, உள் தண்டின் எண் அமைதியாக நின்றது. வெளித் தண்டின் எண்ணோ 1,500, 1,490 என்று இருந்து திடீரெனச் சுழியத்துக்கு விழுந்தது; மீண்டும் 400 என்றது. அதே கணத்தில் வேகமானியின் முள்ளும் படுத்தது. இவ்வண்டியில் வேகமானியும் அச்சென்சாரையே நம்பியிருக்கிறது. கைப்பேசியின் ஜி.பி.எஸ். மட்டும் மணிக்கு 40 மைல் என்று காட்டிக்கொண்டிருந்தது. 40 மைல் வேகத்தில் ஓடும் வண்டியின் வெளித் தண்டு நின்றுவிட்டது என்று ஒரு சாட்சி கூறினால் நாம் யாரைச் சந்தேகிக்க வேண்டும்? பி 0732 நோயன்று. பி 0720-இன் நிழல்.

சென்சாரின் உள்ளே இருப்பது நாம் பள்ளியில் படித்த ஃபாரடேயின் தத்துவந்தான்: ஒரு காந்தம், அதைச் சுற்றிய கம்பிச் சுருள். பல்லுள்ள சக்கரம் அதன் எதிரே சுழலும்போது காந்தப் பாயம் மாறி மாறிச் சுருளில் மின்னலை எழுகிறது. 1831-இல் கண்டது இன்னும் உழைக்கிறது! சோதிப்பதும் எளிது. முதலில் இணைப்பியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அங்கே புகுந்து முனைகளைப் பச்சை பூக்கச் செய்யும். அண்ணனின் வண்டியில் சிறிதளவே பூத்திருந்தது; துடைத்தும் பயனில்லை. பிறகு மல்ட்டிமீட்டரால் சுருளின் தடையை அளந்தார். குளிர்ந்த நிலையில் 650 ஓம், குறையில்லை. பலர் இத்துடன் நிறுத்தி, சென்சார் நன்று என்று எழுதிவிடுவர். அரைமணி ஓட்டிச் சூடேறிய பின் அளக்கச் சொன்னேன். மீட்டர் முடிவிலி காட்டியது. கம்பி எங்கோ விரிசல் விட்டிருக்கிறது; குளிரில் ஒட்டி, சூட்டில் விலகுகிறது. சாவியைத் திருப்பியதும் வண்டி தற்காலிகமாக ஓடியது ஏன் என்பதற்கும் இதில் விடை உண்டு. விலகிய முனைகள் சற்றே ஒட்டும் இடைவேளையில் சாவி போட்டால், கணிப்பொறி பழையதை மறந்து புதிதாகத் தொடங்கும். மறுபடி விலகியதும் மறுபடி அஞ்சும்.

எண்ணெயைப் பற்றி ஒரு சொல். எந்தக் குறியீடு வந்தாலும் முதலில் எண்ணெயைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இப்பெட்டியில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சமதளத்தில், சூடான நிலையில் குச்சியை உருவ வேண்டும். இயந்திர எண்ணெயைப்போல அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவு பொய்யாகும். நிறம் சிவப்பாயிருந்தால் நலம். கறுத்துக் கருகல் நாற்றம் வீசினால், அல்லது குச்சியில் உலோகப் பொடி மின்னினால், கிளட்ச் எரிந்துகொண்டிருக்கிறது. அப்போது பட்டறைக்காரர் சொன்னதே சரி. நம் கணக்குகளை மூட்டைகட்டி வைக்க வேண்டியதுதான். குறைந்திருந்தால் கையேட்டில் கண்ட வகையையே ஊற்ற வேண்டும். உராய்வுத் தன்மை வகைக்கு வகை மாறும். "எல்லாவற்றுக்கும் ஏற்றது" என்று எழுதிய டப்பாவை நான் நம்புவதில்லை. அண்ணனின் வண்டியில் எண்ணெய் சிவப்பாகவே இருந்தது.

புதிய சென்சாரின் விலை 30 டாலர். வண்டிக்கடியில் படுத்து, வழிந்த எண்ணெயைத் தட்டில் பிடித்து, ஒரு மணி நேரத்தில் மாற்றினார். குறியீடுகளை அழித்து 200 மைல் ஓட்டியும் விளக்கு எரியவில்லை, முள்ளும் படுக்கவில்லை. அடிபட்ட உப்பால் வண்டியின் தரைத்தகட்டில் துரு ஓட்டை விழுந்திருப்பதாக இப்போது எழுதியிருக்கிறார். அதைப் பற்றி எழுத வேண்டியவர்கள் வேதியியல் துறை நண்பர்கள்.