மைக்ரோவேவ் அடுப்பில் எந்தப் பாத்திரத்தை வைக்கலாம்?



வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததாகவோ, கல்யாணச் சீராக வந்ததாகவோ, இன்று நம் வீடுகள் பலவற்றில் மைக்ரோவேவ் அடுப்பு இருக்கிறது. சஹர் நேரத்தில் தூக்கக் கலக்கத்தோடு சோறும் ஆணமும் சூடாக்க அது பெரிய உதவி. ஆனால் அதற்குள் எந்தப் பாத்திரத்தை வைக்கிறோம் என்று நாம் யோசிப்பதில்லை. சென்ற மாதம் நம் டிரஸ்ட் அலுவலகத்திலேயே, பிரியாணிப் பொட்டலத்தை அலுமினியத் தாளோடு உள்ளே வைத்துவிட்டோம். சில நொடிகளில் தீப்பொறி பறந்தது. உடனே நிறுத்தியதால் தப்பினோம். அதனால்தான் இந்தப் பாடம்.

இந்த அடுப்புக்குள் தீ இல்லை. நுண்ணலைகள் உணவிலுள்ள நீரை அதிரச் செய்து சூடேற்றுகின்றன. கண்ணாடி, பீங்கான் வழியாக அலைகள் கடந்துபோகும். உலோகத்தில் பட்டால் திரும்பிவிடும். மெல்லிய ஓரங்களிலும் கசங்கிய மடிப்புகளிலும் பொறி கிளம்பும்.

வைக்கக் கூடாதவை:

1. எவர்சில்வர், அலுமினியம், பித்தளைப் பாத்திரங்கள், அலுமினியத் தாள்.

2. தங்க, வெள்ளிக் கரையிட்ட பீங்கான் தட்டுகள். விருந்தாளிகளுக்கென எடுத்து வைத்திருப்பவை பெரும்பாலும் இவைதாம். அந்தக் கரையும் உலோகமே.

3. மெலமைன் தட்டுகள். பார்க்கப் பீங்கான் போலிருக்கும். அதிகச் சூட்டில் அதன் இரசாயனம் உணவில் இறங்கக்கூடும்.

4. ஐஸ்கிரீம் டப்பா, பார்சல் டப்பா, தண்ணீர் பாட்டில், கேரி பேக், செய்தித்தாள். எண்ணெய் மிதக்கும் ஆணம் தண்ணீரைவிட அதிகமாகக் கொதித்து, பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

வைக்கத் தக்கவை: சூடு தாங்கும் கண்ணாடிக் கிண்ணம், உலோகக் கரையில்லாத பீங்கான். பிளாஸ்டிக் என்றால் 'மைக்ரோவேவ் சேஃப்' என்ற எழுத்தோ, அலைக்கோட்டுக் குறியோ இருக்க வேண்டும். முக்கோணத்துக்குள் 5 என்றிருந்தால் அது பாலிபுரோப்பிலீன். ஓரளவு சூடு தாங்கும். ஆனாலும் எண்ணை மட்டும் நம்பாமல், அந்தக் குறியையும் பாருங்கள்.

உலோகம் இல்லாத பீங்கான், கண்ணாடிப் பாத்திரத்தில் சந்தேகமா? அதைக் காலியாக உள்ளே வைத்து, பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். தண்ணீர் சூடாகிப் பாத்திரம் குளிர்ந்திருந்தால் நல்லது. பாத்திரம் சூடாகியிருந்தால் அது ஆகாது.

குழந்தையின் பால் புட்டியை இதில் சூடாக்கவே வேண்டாம். புட்டி வெதுவெதுப்பாக இருக்கும். நடுவிலுள்ள பால் பிள்ளையின் வாயைச் சுட்டுவிடும். சுடுநீர்ப் பாத்திரத்தில் புட்டியை நிறுத்தி வைப்பதே சரி.

மூடியை இறுக்கி மூடாமல், ஆவி வெளியேற இடம் விடுங்கள். சூடான கண்ணாடியை ஈரத் திண்ணையில் வைத்தால் விரிசல் விடும். உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காமல், சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள்.

இதற்காகப் புதிய செட் வாங்கிச் செலவழிக்கத் தேவையில்லை. சூடு தாங்கும் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று, வெறும் பீங்கான் தட்டு ஒன்று. இரண்டும் அடுப்பின் பக்கத்திலேயே இருக்கட்டும். கை அருகில் இருந்தால், அவசரத்திலும் தவறு நேராது.