கொடி ஏறிய பள்ளிக்கூடம்

கேள்வி: வெளியூர்க் கலைஞர் வந்து பொது இடத்தில் எதையாவது வைத்துவிட்டுப் போனால், அது எப்படி ஊர்க் கலையாகும்?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: வைத்துவிட்டுப் போனால் ஆகாதுதான். ஊரோடு சேர்ந்து செய்தால் ஆகும். ஓர் உதாரணம்: ஜப்பானின் நீகாட்டா மலைப்பகுதியில் எச்சிகோ-சுமாரி கலைவிழா 2000-இல் தொடங்கியது. இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட, கிழவர்களும் வயல்களும் மிஞ்சிய ஊர்கள். முதலில் உள்ளூரில் பலத்த எதிர்ப்பு. அங்கே அசாமிஹிரா என்ற சிற்றூருக்கு 2003-இல் கலைஞர் கட்சுஹிகோ ஹிபினோ போனார். மாணவர் இல்லாமல் மூடிய பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. ஊர்க்காரர்களுக்குக் கலை தெரியாது. செடி வளர்க்கத் தெரியும். போதாதா? கூரையிலிருந்து தரைவரை கயிறு கட்டினார்கள். அடியில் அசகாவோ விதை போட்டார்கள். காலையில் மலர்ந்து வெயிலில் சுருங்கும் அந்தக் கொடி பள்ளிச்சுவர் முழுக்க ஏறியது. தண்ணீர் ஊற்றியது, காய்ந்த விதையைப் பொறுக்கியது எல்லாம் ஊர் ஆட்கள். கலைஞரும் கூடவே உழைத்தார். (திட்டத்தின் பெயர்: 'நாளை மறுநாள் அசகாவோ'!) என்னைக் கேட்டால், வெண்கலச் சிலையைவிட இது ஒரு படி மேல். சிலைக்கு யாரும் தினமும் தண்ணீர் ஊற்றப்போவதில்லை. அசாமிஹிரா விதைகள் பிறகு மிதோ, கனசாவா என்று வேறு நகரங்களுக்கும் போய் முளைத்தன.