களத்தின் ஓரத்தில் நிற்பவர்

நுழையும்முன்

ஒரு படிப்பில் சேர என்னென்ன தகுதிகள் வேண்டும் என்று கூறும் அறிவிப்பு, அப்படிப்பை முடித்தவர் நாளை என்ன பணி செய்யப்போகிறார் என்பதையும் தன்னுள் கொண்டிருக்கும். விளையாட்டு வீரரின் உடலைக் காக்கும் துறையின் சேர்க்கைத் தகுதிகளை அவ்வாறு வாசித்துப் பார்ப்பதே இப்பாடம்.

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலைக் கடந்து மேற்கே செல்லும் பேருந்து வேலப்பன்சாவடியில் நிற்கும்போது, வெள்ளை மேலங்கியைக் கையில் மடித்துப் பிடித்த மாணவர் கூட்டம் ஒன்று இறங்கும். மருத்துவம், பல் மருத்துவம் ஆகியவற்றோடு இயன்முறை மருத்துவமும் கற்பிக்கப்படும் ஊர் அது. அதே பேருந்தில், சீருடைக்கு மேல் விளையாட்டுப் பையை மாட்டிக்கொண்டு போட்டிக்குச் செல்லும் பள்ளி மாணவர்களும் இருப்பர். இவ்விரு கூட்டத்தாரும் பின்னொரு நாள் சந்திக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. கபடிக் களத்தில் பாடிச் சென்றவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழும்போது, கோட்டுக்கு வெளியே நின்றிருந்த ஒருவர் பையுடன் உள்ளே ஓடிவருவாரே, அந்த இடம்.

ஓடிவருபவர் ஆட்ட நுணுக்கம் கற்பிக்கும் பயிற்றுநர் அல்லர். அமெரிக்காவில் இவரைக் குறிக்கும் பெயரிலும் ‘பயிற்சி’ என்னும் சொல் இருப்பதால், ஓடவும் தாண்டவும் கற்றுத்தருபவர் என்றே பலர் பொருள் கொள்கின்றனர். காயம் நேராமல் தடுத்தல், நேர்ந்தால் களத்திலேயே முதல் சிகிச்சை அளித்தல், குணமாகும் வரை உடலைப் படிப்படியாகப் பழக்குதல், எப்போது மீண்டும் களமிறங்கலாம் என்று முடிவு செய்தல் ஆகியவையே இவர் பணி. நாம் இவரை விளையாட்டு உடல்நலக் காப்பாளர் என்று அழைப்போம்.

பெயர் புதிது, பணி பழையது. போரில் பட்ட புண்ணை நீண்ட ஊசி கொண்டு தைத்த செய்தி பதிற்றுப்பத்தில் காணப்படுகிறது. இன்றைய துருக்கியில் உள்ள பெர்கமன் நகரில், கி.பி. 157ஆம் ஆண்டளவில், வாட்போர் வீரர்களுக்கு மருத்துவராகக் கேலன் அமர்த்தப்பட்டார். அவ்வீரர்களின் காயங்களிலிருந்து அவர் கற்றவை பிற்கால மருத்துவ நூல்களுக்கு உரமாயின. நமக்கு இன்னும் நெருக்கமான சான்று குமரி மாவட்டத்து வர்ம ஆசான்கள். அடிமுறையும் சிலம்பமும் கற்றுத்தருபவரே, அடிபட்டவரின் உடலைத் தடவி எழுப்புபவராகவும் இருந்தார். எந்தப் புள்ளியில் அடித்தால் உயிருக்கு ஆபத்து என்று அறிந்தவர்க்கே அதை மீட்கும் வழியும் தெரியும் என்பது அம்மரபின் அடிப்படை. ஆகையால் ஆசான்கள் எவரையும் உடனே மாணவராக ஏற்றுவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் உடன் வைத்து, அவருடைய பொறுமையையும் சினத்தையும் பார்த்த பின்னரே வர்ம இடங்களைச் சொல்லிக்கொடுத்தனர். எழுதப்படாத சேர்க்கை விதி என்று இதனைக் கூறலாம்.

எழுதப்பட்ட விதிகளைப் பார்க்க அமெரிக்காவுக்குச் செல்வோம். அங்கு இத்துறையினரின் தேசியச் சங்கம் 1950இல் தோன்றியது. அந்நாட்டு மருத்துவச் சங்கம் 1990இல் இதனை மருத்துவம் சார்ந்த தொழிலாக ஏற்றது. முன்பு இளநிலைப் பட்டமே போதுமானதாக இருந்தது. இன்று முதுநிலைப் படிப்பின் வழியாகவே இத்தொழிலுக்குள் நுழைய முடியும். அப்படிப்பில் சேர விரும்புபவர் உயிரியல், வேதியியல், இயற்பியல், உளவியல், உடற்கூறியல், உடலியங்கியல் ஆகியவற்றை முன்னரே பயின்றிருக்க வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் இவற்றோடு, அனுபவமிக்க ஒருவருடன் களத்தில் நின்று பணியைக் கவனித்த மணிக்கணக்கையும், ஆசிரியர்களின் பரிந்துரை மடல்களையும், தடுப்பூசிச் சான்றுகளையும், நின்ற இதயத்தை இயக்கும் முதலுதவியில் பெற்ற சான்றிதழையும் கேட்கின்றன.

இந்தப் பட்டியலில் இயற்பியலுக்கு என்ன வேலை? கபடியில் ஓடிவந்தவர் பாதத்தை ஊன்றிச் சட்டென உடலைத் திருப்புகிறார். பாதம் மண்ணில் நிலைத்து நிற்க, தொடை திரும்ப, இரண்டிற்கும் இடையே முழங்கால் அகப்பட்டுக்கொள்கிறது. எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார் அந்த முறுக்குவிசையைத் தாங்காமல் கிழிகிறது. எவரும் தொடாமலேயே நேரும் காயம் இது. நெம்புகோலையும் திருப்புத்திறனையும் வகுப்பில் புரிந்துகொண்ட மாணவருக்கு, தரையிறங்கும்போது முழங்காலை எவ்வாறு மடக்க வேண்டும் என்று வீரருக்கு விளக்குவது எளிதாகும்.

வேதியியலும் அவ்வாறே. சென்னையின் மே மாத வெயிலில் ஓடுபவர் வியர்வையுடன் உப்பையும் இழக்கிறார். நெடுநேரம் ஓடும் ஒருவர் வெறும் தண்ணீரையே அளவின்றிக் குடித்தால், குருதியில் சோடியத்தின் அளவு குறைந்து மயங்கி விழக்கூடும். வெயிலில் விழுந்தவர் எல்லாரும் ஒரே காரணத்தால் விழுந்தவர் அல்லர் என்பதை அறிய இந்த அறிவு வேண்டும். உடல்வெப்பம் 40 டிகிரி செல்சியசைக் கடந்து, பேச்சும் குழறினால் அது வெப்பத்தாக்கு. அந்நிலையில், மருத்துவமனை வண்டிக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, அது வரும்வரை காத்திராமல் குளிர்ந்த நீர்த்தொட்டியில் உடலை அமிழ்த்தத் தொடங்க வேண்டும். முதலில் குளிர்வித்தல், பிறகு கொண்டுசெல்லுதல் என்பதே இதில் ஏற்கப்பட்ட முறை. தொட்டியும் பனிக்கட்டியும் போட்டி தொடங்கும் முன்பே களத்தருகே இருந்தால்தான் இது கைகூடும். நம் பள்ளிப் போட்டிகளில் பரிசு மேடைக்குக் காட்டும் அக்கறையில் சிறு பங்கையேனும் இதற்குக் காட்டலாம்.

உளவியலும் பரிந்துரை மடலும் எதற்கு என்பது இறுதிப் போட்டியில் விளங்கும். தலையில் அடிபட்டவர், மூளையதிர்ச்சி என்னும் ஐயம் இருக்குமாயின், அன்று மீண்டும் ஆடக்கூடாது. “எனக்கு ஒன்றுமில்லை” என்பார் வீரர். “இன்னும் மூன்று நிமிடம்தானே” என்பார் பயிற்றுநர். பார்வையாளர் கூச்சலிடுவர். அத்தனை பேரிடமும் ‘இயலாது’ என்று சொல்ல வேண்டியவர் ஒரே ஒருவர். நெருக்கடியில் நிதானமாக முடிவெடுக்கவும் தெளிவாகப் பேசவும் விண்ணப்பதாரரால் இயலுமா என்று சேர்க்கை விதிகள் கேட்பது இதனால்தான். வர்ம ஆசான் ஆண்டுக்கணக்கில் சோதித்ததும் இதையே.

இனி நம் நாட்டு நிலை. இந்தியாவில் இப்பணியைப் பெரும்பாலும் விளையாட்டுத் துறையில் முதுநிலைப் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர்களே செய்கின்றனர். எனவே இங்குள்ள முதல் வாயில் இளநிலை இயன்முறை மருத்துவப் படிப்பாகும். நான்கு ஆண்டுப் படிப்பும் ஆறு மாத உள்ளுறைப் பயிற்சியும் கொண்டதாக இது நெடுங்காலம் இருந்துவந்தது. மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றவர்களே (அல்லது தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியே பயின்றவர்களே) இதில் சேர இயலும். மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கு நாடு முழுவதும் ஒரே தரத்தை வகுக்க 2021இல் சட்டம் இயற்றப்பட்டுத் தேசிய ஆணையம் அமைக்கப்பட்டது. அதனால் படிப்புக் காலமும் சேர்க்கை முறையும் மாறிவருகின்றன. அண்ணனோ அக்காவோ சேர்ந்த ஆண்டின் விதியை நம்பாமல், தாம் விண்ணப்பிக்கும் ஆண்டின் தகவல் கையேட்டையே படித்தல் வேண்டும்.

வணிகவியல் பிரிவில் பயிலும் ஓர் ஓட்டப்பந்தய வீராங்கனையை எண்ணிப்பார்ப்போம். ஆறாம் வகுப்பிலிருந்து ஓடுகிறார். மாவட்டப் போட்டியில் பதக்கமும் பெற்றிருக்கிறார். கணுக்காலில் காயம்பட்டுக் குணமடைந்தபோதுதான் இப்படியொரு தொழில் இருப்பதே அவருக்குத் தெரியவருகிறது. ஆனால் உயிரியல் பயிலாத அவருக்கு இயன்முறை மருத்துவத்தின் வாயில் திறக்காது. வகுப்பு நெடுந்தூரம் சென்றபின் பிரிவு மாறுதலும் எளிதன்று. பதினைந்து வயதில், பெரும்பாலும் பிறர் சொல்கேட்டு எடுக்கும் ஒரு முடிவுக்கு இத்தனை வலிமை இருப்பது நியாயமா என்று கேட்டால், நியாயமன்று என்றே கூறத் தோன்றுகிறது. எனினும் உயிரியல் வேண்டும் என்னும் விதி பொருளற்றதும் அன்று. முறிந்த எலும்பைத் தொடப்போகும் கை அதன் அமைப்பை அறிந்திருக்க வேண்டுமே! குறை விதியில் இல்லை. பத்தாம் வகுப்பு மாணவரிடம் அதை எவரும் உரிய காலத்தில் சொல்லாததில் இருக்கிறது.

அந்த வீராங்கனைக்கு வேறு வாயில்கள் உள்ளன. ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி இன்றும் நந்தனத்தில் இயங்குகிறது. அவரே 1924ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளராக இருந்தவர். உடற்கல்விக்கெனவே 2004இல் சட்டமியற்றி அமைக்கப்பட்ட தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் வண்டலூரை அடுத்த மேலக்கோட்டையூரில் உள்ளது. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் ஈராண்டு இளநிலை உடற்கல்வியியல் படிப்பில் சேரலாம். பட்டத்தில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும், பள்ளி, மாவட்டம், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி ஆகியவற்றுள் ஒன்றில் பங்கேற்ற சான்றும் பொதுவாகக் கேட்கப்படும் தகுதிகள். பயிற்றுநராக விரும்புவோர்க்குப் பாட்டியாலாவில் 1961இல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயப் படிப்பு உண்டு. இவை வேறு பணிகளுக்கு உரியவை. உடற்கல்வி ஆசிரியரும் பயிற்றுநரும் காயத்தை இனங்கண்டு உரியவரிடம் அனுப்பலாம். அதற்குச் சிகிச்சை அளிக்கும் உரிமை இப்படிப்புகளால் வந்துவிடாது.

சில வாயில்களில் பங்கேற்புச் சான்றிதழைக் கேட்பர் என்பதால் அதைப் பற்றிச் சில சொற்கள். வென்றவர்க்கு மட்டுமன்றிக் கலந்துகொண்டவர்க்கும் சான்று உதவும். தோற்ற நாளன்று அதைக் கிழித்தெறிதல் கூடாது. போட்டி நடந்த நாள், நடத்திய அமைப்பு, முத்திரை ஆகியவை தெளிவாக உள்ளனவா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். பெயரும் தந்தை பெயரின் முதலெழுத்தும் மதிப்பெண் பட்டியலில் உள்ளவாறே அமைய வேண்டும். ‘ச’வுக்குப் பதில் ‘எஸ்’ என்றோ, முதலெழுத்து விடுபட்டோ இருப்பின், சான்று தந்தவர் பணியிடம் மாறிச் செல்லும் முன்பே திருத்தி வாங்கிவிடுதல் நலம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி விளையாட்டு விழாவின்போது களத்தருகே இருக்க வேண்டிய முதலுதவிப் பொருள்களைக் கண்டறிந்து, அவற்றை வழங்குமாறு தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுதுக.

2. நீங்கள் சேர விரும்பும் ஒரு படிப்பின் சேர்க்கை அறிவிப்பைத் திரட்டி, அதில் கேட்கப்படும் ஒவ்வொரு தகுதியும் அத்தொழிலின் எந்தப் பணிக்காகக் கேட்கப்படுகிறது என்று வகுப்பறையில் கலந்துரையாடுக.