ஓலை கருத்தால் எதைத் தேடுவது?

அன்புள்ள ஆனைமலை வாசகருக்கு,

தென்னை ஓலையெல்லாம் கரி பூசினாற்போல் கருத்துக் கிடக்கிறது, போனில் தேடினால் மருந்து விற்கிறவர்களின் வீடியோவாக வந்து விழுகிறது, உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தேடும்போது நீங்கள் அடித்த வரியையும் அப்படியே எழுதி அனுப்பியது நல்லதாகப் போயிற்று: ‘தென்னை மரம் இலை கருப்பாக மாறுது என்ன மருந்து அடிக்கலாம்’. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே பேசலாம்.

வேளாண் அலுவலரிடம் நேரில் போய்க் கேட்பதற்கு இது நல்ல கேள்விதான். தேடுபொறியிடம் இருப்பதோ ஒரு மாபெரும் சொல்லடைவு. கனமான புத்தகங்களின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகரவரிசையில் போட்டிருப்பார்களே, அந்த மாதிரி. நீங்கள் அடித்த சொற்கள் இருக்கும் பக்கங்களை அதிலிருந்துதான் பொறுக்குகிறது. 2019 முதல் கூகுள் முழு வரியின் பொருளையும் ஓரளவு பார்த்துத்தான் பதில் தருகிறது. இருந்தாலும் உங்கள் வரியில் ‘மருந்து’, ‘அடிக்கலாம்’ என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. மருந்து விற்பவர் தன் வீடியோவுக்குத் தலைப்பு வைக்கும்போது இதே சொற்களைத்தான் தேடிப்பிடித்து வைப்பார். நீங்கள் கேட்டதைத்தான் அது கொடுத்திருக்கிறது.

உங்களுக்கு வேண்டிய பக்கத்தை யார் எழுதியிருப்பார்? கோவை வேளாண் பல்கலைக்கழகத்துப் பூச்சியியல்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் ‘கருப்பாக மாறுது’ என்று எழுத மாட்டார். அவர் என்ன எழுதியிருப்பாரோ அதைத்தான் நாம் அடிக்க வேண்டும். நமக்கு அந்தச் சொல் தெரியாதே என்றால், முதல் தேடலை அந்தச் சொல்லைப் பிடிப்பதற்காக மட்டும் செலவு செய்யுங்கள். கண்ணில் பட்டதை அடியுங்கள்: ‘தென்னை ஓலை கருப்பு பூசணம்’. வருவதில் எதையும் ஊன்றிப் படிக்க வேண்டாம். பெயர்களை மட்டும் மேய்ந்து பாருங்கள். ‘கரும்பூசணம்’ என்று ஒன்று தட்டுப்படும். அதன் பக்கத்திலேயே ‘சுருள் வெள்ளை ஈ’ என்று இன்னொன்று.

ஆள் இதுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இந்தியாவில் இந்த ஈயை முதலில் கண்டதே 2016-இல், உங்கள் பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புகளில்தான். மேல் ஓலையின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சுகிறது. தேன்போலப் பிசுபிசுப்பான கழிவைக் கீழே சொட்டவிடுகிறது. அது கீழ் ஓலையின் மேல்பக்கத்தில் படிய, அதன்மேல் பூசணம் வளர்ந்து கருக்கிறது. வெளுத்த பூச்சி மேலே, கருத்த ஓலை கீழே. ‘கருப்பு’ என்றே தேடிக்கொண்டிருந்தால் ஈயிடம் எப்படிப் போய்ச் சேருவது? பச்சையாக இருக்கும் மேல் ஓலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை மெழுகுப்பொடி சுருள்சுருளாகப் படிந்திருந்தால் பெரும்பாலும் இந்த ஈதான்.

இனி இரண்டாவது தேடல்: ‘சுருள் வெள்ளை ஈ தென்னை’. ‘எப்படி’, ‘என்ன’, ‘சிறந்த’ எல்லாம் வேண்டாம். அவை கோடிக்கணக்கான பக்கங்களில் கிடக்கின்றன. எந்தச் சொல் கொஞ்சம் பக்கங்களில் மட்டும் வருகிறதோ அதற்கே எடை அதிகம் என்பதை 1972-இலேயே கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி ஒரு கட்டுரையில் காட்டிவிட்டார். தேடுபொறிகள் பலவற்றின் அடித்தளத்தில் இன்றும் அவர் கணக்கு இருக்கிறது. இந்தப் புதிய வரியில் அந்த வேலையைச் செய்வது ‘சுருள்’.

‘மருந்து’ என்ற சொல்லைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதை அடிக்கும்போதே இதற்கு விடை மருந்துதான் என்று நீங்களே முடிவுகட்டிவிடுகிறீர்கள். இந்த ஈயைப் பற்றிய பல்கலைக்கழகக் குறிப்புகளைத் திறந்தால் வேறு கதை. ரசாயன மருந்தைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் பொடிக் குளவி ஒன்று இருக்கிறது, மருந்தடித்தால் அதுவும் சேர்ந்து செத்துப்போகும் என்பது காரணம். அந்தக் குளவியின் பெயர் என்கார்சியா. உங்கள் மூன்றாவது தேடலுக்கு வேண்டிய சொல் அது. ‘என்கார்சியா தென்னை’ என்று அடித்தால், மஞ்சள் ஒட்டும் பொறி, விசைத்தெளிப்பானால் தண்ணீர் பீய்ச்சுவது, கரும்பூசணத்தை உரித்தெடுக்க மைதா மாவுப் பசை என்று பேசுகிற பக்கங்கள் மேலே வரும். வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் இந்தச் சொல் நம் யாருக்கும் தோன்றாது. திறந்த பக்கத்திலிருந்து அடுத்த சொல்லைப் பறித்துக்கொண்டு போவதுதான் வழி.

இப்போது சில குறிகள். பெயரை இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் அந்தச் சொற்கள் அதே வரிசையில், அதே வடிவில் இருக்கும் பக்கம்தான் வரும். தமிழில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. ‘தென்னையில்’ என்று மேற்கோள் போட்டால் ‘தென்னைக்கு’ என்று எழுதிய பக்கம் நழுவிவிடலாம். ‘வெள்ளைப்பூச்சி’ என்று ஒட்டி எழுதுபவரும் உண்டு, ‘வெள்ளை பூச்சி’ என்று ஒற்றை விட்டு எழுதுபவரும் உண்டு. ஆகவே வேற்றுமை உருபு ஒட்டாத, எல்லோரும் ஒரேமாதிரி எழுதுகிற பெயருக்கு மட்டும் மேற்கோள் போடுங்கள்.

வேண்டாததைக் கழிக்க, சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் கழித்தல் குறி. வெறுமனே ‘வெள்ளை ஈ’ என்றால் பருத்தி, வெண்டை எல்லாம் வந்து குவியும். ‘பருத்தி’க்கு முன்னால் அந்தக் குறியைப் போட்டால் கூட்டம் கொஞ்சம் குறையும். எனக்கு என்னவோ இந்தக் குறிமேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. சுருள் வெள்ளை ஈ வாழையையும் கொய்யாவையும்கூடத் தாக்கும். நல்ல குறிப்பு என்றால் அதையும் சொல்லியிருக்கும். நீங்கள் வாழையைக் கழித்தால் அந்த நல்ல பக்கம்தான் முதலில் போகும். கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட நல்லது, யார் சொன்னால் கேட்பீர்களோ அவர்களிடம் மட்டும் தேடுவது. ஆங்கிலத்தில் ‘சைட்’ என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் இணைய முகவரியின் வாலை ஒட்டுங்கள். ‘ஏசி.இன்’ என்றால் இந்தியப் பல்கலைக்கழகங்கள், ‘ஜிஓவி.இன்’ என்றால் அரசுத் தளங்கள். மருந்து வியாபாரி ஒருவரும் உள்ளே வரமாட்டார். வீடியோ தொல்லை போக இன்னொரு வழியும் உண்டு. 2024-இல் கூகுள் ‘வெப்’ என்றொரு பிரிவைச் சேர்த்தது. முடிவுகளுக்கு மேலே உள்ள வரிசையில் தேடினால் இருக்கும், சில சமயம் ‘மோர்’ என்பதற்குள் ஒளிந்திருக்கும். அதைத் தொட்டால் வெறும் எழுத்துப் பக்கங்கள்தான். உச்சியில் வரும் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கமும் அங்கே கிடையாது. லிட்டருக்கு எத்தனை மில்லி என்கிற கணக்கை அந்தச் சுருக்கத்தை நம்பி எடுக்காதீர்கள், மூலப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

தமிழில் தேடிக் கிடைக்காதது தமிழில் எழுதப்படாதது ஆகிவிடாது. பழைய கோப்புகள் பல பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் தேடுபொறியின் கணக்கில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். தாளைப் படமெடுத்து ஏற்றியவையும் ஏராளம். அந்த இடத்தில் ஆங்கிலத்துக்குத் தாவ வேண்டியதுதான். அங்கேயும் ஒரு விஷயம். இந்த ஈ 2009-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் தென்பட்டபோது, கம்போ லிம்போ என்ற மரத்தின் பெயரால் அங்கே அழைத்தார்கள். ‘ரூகோஸ்’ என்ற ஆங்கிலப் பெயர் பிறகுதான் நிலைத்தது. ஊர்ப்பெயர்கள் இப்படி மாறும். அறிவியல் பெயர் எந்த ஊரிலும் ஒன்றுதான்: அலியூரோடிகஸ் ரூஜியோபெர்குலேட்டஸ். எழுத்துக்கூட்டி அடிக்க முயல வேண்டாம். ஏதாவது ஒரு பக்கத்தில் ஆங்கில எழுத்தில் சாய்வாகப் போட்டிருப்பார்கள், விரலால் அழுத்திப் பிடித்துப் படியெடுத்து ஒட்டுங்கள். புளோரிடாக்காரர் எழுதியதும் கேரளத்துக்காரர் எழுதியதும் ஒன்றாக வரும். ஆங்கிலம் ஓடாவிட்டால் உங்கள் பேத்தியைக் கூப்பிடுங்கள், கல்லூரியில் படிக்கிறாள் என்று எழுதியிருந்தீர்களே.

ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். தோப்பில் இருப்பது நெட்டையா, குட்டையா, ஒட்டு ரகமா? குட்டை ரகங்களில் இந்த ஈயின் தாக்குதல் அதிகம். ரகத்தின் பெயரையும் தேடலில் சேர்த்துப் பாருங்கள். ஓலையைத் திருப்பிப் பார்த்தபின், என்ன கண்டீர்கள் என்பதையும் சேர்த்து ஒரு வரி போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பத்தியாளன்