தொழில் வாய்ப்புக்கான மானிய நிதி: நம் விண்ணப்பம் ஏன் திரும்பி வந்தது?



சென்ற பொதுக்குழுவில் பெரியவர் ஒருவர் எழுந்து, "கம்பெனிகள் எல்லாம் இலாபத்துல ஒரு பங்கு கொடுத்தே ஆகணும்னு சட்டம் இருக்காமே, நம்ம அறக்கட்டளைக்கு மட்டும் ஏன் ஒண்ணும் வரல?" என்று கேட்டார்கள். நேரமில்லாததால் அன்று இரண்டு வரியில் பதில் சொல்லி அமர்ந்துவிட்டோம். அது முழுப் பதில் அல்ல. நாங்கள் விண்ணப்பம் செய்ததும் அது திரும்பி வந்ததும் உங்களில் பலருக்குத் தெரியாது. அதை மறைப்பதில் பயனில்லை என்பதால் இந்த இதழில் விவரமாக எழுதுகிறோம்.

பெரியவர் சொன்ன சட்டம் 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சி.எஸ்.ஆர். நிதி என்பது இதுதான். எந்தெந்தப் பணிக்குச் செலவிடலாம் என்று அச்சட்டத்தின் ஏழாவது அட்டவணை பட்டியல் தருகிறது. அதில் தொழிற்பயிற்சியும் வாழ்வாதார மேம்பாடும் உண்டு. தான் இயங்கும் வட்டாரத்துக்குக் கம்பெனி முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆகவே சென்னையில் இருக்கும் பெரிய கம்பெனிகளின் முகவரியைத் தேடுவதைவிட, நம் ஊரிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் ஆலை வைத்திருப்பவர் யார் என்று பார்ப்பதே விவேகம். நாங்களும் அப்படியே ஒரு நிறுவனத்தை அணுகினோம். மரியாதையாகவே பேசினார்கள். பிறகு இரண்டு கேள்விகள் கேட்டார்கள். இரண்டிலும் நாங்கள் தேறவில்லை.

முதல் கேள்வி பதிவுகளைப் பற்றியது. கம்பெனியின் நிதியைப் பெற்றுப் பணி செய்யும் அறக்கட்டளைக்கு வருமான வரித்துறையின் 12ஏ பதிவும் 80ஜி அங்கீகாரமும் இருக்க வேண்டும். அதே மாதிரியான பணியில் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 என்ற படிவத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். நமக்கு 80ஜி இல்லை. ஏன் இல்லை என்று தணிக்கையாளரிடம் கேட்டோம். அவர் நம் அறக்கட்டளைப் பத்திரத்தை விரித்து ஒரு வரியில் விரல் வைத்தார். "இவ்வூர் முஸ்லிம்களின் நலனுக்காக மட்டும்" என்று நம் முன்னோர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட மதத்தவருக்கோ சாதியினருக்கோ மட்டும் என்று எழுதப்பட்ட அறக்கட்டளைக்கு 80ஜி கிடையாது. இது நமக்கு எதிரான சட்டம் என்று யாரும் எண்ண வேண்டாம். எல்லா மதத்தாரின் அறக்கட்டளைகளுக்கும் இதே விதிதான். மகளிர், குழந்தைகள், பின்தங்கிய வகுப்பினர் நலனுக்காக என்று எழுதியிருந்தால் அது மதம் சார்ந்ததாகக் கருதப்படாது என்ற விளக்கமும் அதே சட்டத்தில் இருக்கிறது. பத்திரம் எழுதியவர்கள் நல்ல நிய்யத்தோடுதான் எழுதினார்கள். அன்று இந்த விதியை எடுத்துச் சொல்ல அவர்கள் பக்கத்தில் ஆள் இல்லை.

அப்படியானால் அந்த வரியை அடித்துவிட வேண்டியதுதானே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அறக்கட்டளையின் நோக்கத்தை நிர்வாகிகள் விருப்பம்போல் மாற்ற முடியாது. திருத்தும் அதிகாரத்தைப் பத்திரமே தந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும். நம் பத்திரத்தில் அந்த அதிகாரம் இல்லை.

இரண்டாவது கேள்விதான் எங்களை அதிகம் வருத்தியது. கடந்த சில ரமழான்களில் நாம் தையல் மெஷின் வழங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். மேடை, சால்வை, புகைப்படம் எல்லாம் இருந்தது. "அவற்றில் இன்று எத்தனை ஓடுகின்றன?" என்று அந்த அதிகாரி கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. யாருக்குக் கொடுத்தோம் என்ற பட்டியல் இருந்தது. கொடுத்த பிறகு என்ன ஆயிற்று என்ற குறிப்பு ஒரு வரிகூட இல்லை.

திரும்பி வந்து வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். பாதிக்கும் மேற்பட்டவை துணி போட்டு மூடிக் கிடந்தன. ஒரு வீட்டில் அதன்மேல் டி.வி. இருந்தது. மருத்துவச் செலவுக்காக விற்றுவிட்டதாக ஒரு சகோதரி கண் கலங்கச் சொன்னார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. நன்றாக நைட்டி தைத்து விற்றுக்கொண்டிருந்த ஒரு சகோதரி சொன்னதை அப்படியே தருகிறோம்: "மெஷின் எங்கிட்ட முன்னாலயே இருந்துச்சு காக்கா. நீங்க தந்ததை என் தங்கச்சிக்குக் கொடுத்துட்டேன். மொத்தமா துணி எடுக்கக் காசும், தைச்சதை எடுத்துக்கிற கடையும்தான் எனக்கு வேண்டியிருந்துச்சு. ஓவர்லாக் அடிக்க ஒவ்வொரு தடவையும் அடுத்த தெருவுக்கு ஓட வேண்டியிருக்கு." அவரிடம் இதை முன்பே கேட்டிருந்தால் அந்தப் பணத்தில் நாலு பேர் பிழைத்திருப்பார்கள். நாங்கள் கேட்கவில்லை.

அபூதாவூதில் வரும் ஹதீஸ் ஒன்று நம் எல்லோருக்கும் தெரியும். உதவி கேட்டு வந்த அன்ஸாரித் தோழரிடம் வீட்டில் என்ன இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் முதலில் விசாரித்தார்கள். அவருடைய விரிப்பையும் பாத்திரத்தையும் ஏலம் விட்டு இரண்டு திர்ஹம் பெற்று, ஒன்றைக் குடும்பத்தின் உணவுக்கும் மற்றொன்றைக் கோடரிக்குமாக ஒதுக்கச் செய்தார்கள். கோடரிக்குப் பிடியைத் தம் கையாலேயே பொருத்தி, விறகு வெட்டி விற்றுவிட்டுப் பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். அவர் பத்து திர்ஹம் சம்பாதித்துத் திரும்பினார். மதரஸாவில் இதை உழைப்பின் சிறப்பு என்று படித்தோம். இப்போது மானியப் படிவத்தை நிரப்பும்போது, அந்தப் பதினைந்து நாள் தவணைதான் எங்கள் கண்ணில் படுகிறது. நாம் மேடையோடு நிறுத்திக்கொண்டோம்.

இனி உதவி பெறும் வீடுகளுக்கு ஆறு மாதம் கழித்து நம் ஆட்கள் வருவார்கள். என்ன வருமானம், எங்கே விற்கிறீர்கள், என்ன தடை என்று கேட்பார்கள். "எங்க வீட்டுக் கணக்கு இவங்களுக்கு எதுக்கு?" என்ற முணுமுணுப்பு இப்போதே காதில் விழுகிறது. அது நியாயமான கூச்சம். எனவே கேட்கப் போவது பெண்களாகவே இருப்பார்கள். விவரங்கள் பெயரில்லாமல் எண்ணிட்டே கோப்பில் இருக்கும். உதவி பெறுபவரின் படம் இனி இந்த இதழில் வராது.

ஜகாத் குறித்தும் ஒரு வார்த்தை. அது யாருக்குரியது என்பதைத் திருக்குர்ஆன் 9:60 எட்டு வகையாக வரையறுத்துவிட்டது. அந்தப் பணத்தில் பயிற்சிக்கூடத்துக்கு வாடகை தரலாமா என்பது உலமாக்கள் பேச வேண்டியது, நாங்கள் தரவில்லை. வெளியிலிருந்து மானியம் வரும் நாளில் அதற்குத் தனி வங்கிக் கணக்கு, தனி ரசீது இருக்கும். அந்தப் பயிற்சியில் அடுத்த தெருவின் இந்துச் சகோதரிகளும் அமர்வார்கள். ஜகாத் அங்கே போகிறதோ என்ற ஐயம் யாருக்கும் வேண்டாம்.

என்ன செய்யப் போகிறோம்? மகளிர் தொழில் மேம்பாட்டுக்கென எல்லோருக்கும் பொதுவான புதிய அறக்கட்டளை ஒன்றைப் பதிவு செய்ய வழக்கறிஞர் வரைவு தயாரித்திருக்கிறார். இதில் ஒரு சங்கடம் உண்டு: மூன்று ஆண்டு அனுபவம் என்ற நிபந்தனை புதிய அறக்கட்டளைக்கும் பொருந்தும். ஆக, அதுவரை நம் சொந்த நன்கொடையில்தான் வேலை நடக்க வேண்டும். முதல் வேலை பொது ஓவர்லாக் மெஷினும், துணி வாங்கச் சுழல் நிதியும். வட்டியில்லாமல், நைட்டி விற்றதும் திருப்பித் தரும் கர்ழன் ஹஸனாவாக அது இருக்கும்.

இடைக்காலத்தில் நாம் கவனிக்காமல் விட்ட வழி ஒன்று அரசிடமே இருக்கிறது. மாவட்டந்தோறும் 2007 முதல் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்கள் அமைக்கப்பட்டன. சங்கம் திரட்டும் நன்கொடைக்கு ஈடாக அரசு இணை மானியம் தருகிறது. முதலில் சமபங்காக இருந்தது பின்னர் இரு மடங்காக்கப்பட்டது. நாம் ஆயிரம் கொடுத்தால் அரசு இரண்டாயிரம் சேர்க்கும். ஆண்டுக்கு உச்சவரம்பு உண்டு. கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் சிறுதொழில் உதவி இதன் வழியே கிடைக்கிறது. டாம்கோவையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்; டாம்கோ தருவது கடன். சங்கத்துக்கு உதவ விரும்புவோர் ஆட்சியர் அலுவலகத்தின் சிறுபான்மையினர் நலப் பிரிவில் விசாரிக்கலாம். விண்ணப்பம் எழுத உதவி தேவைப்படும் சகோதரிகள் நம் அலுவலகத்துக்கு வரலாம்.

புதிய பத்திரத்தின் வரைவு அலுவலகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த பொதுக்குழுவுக்கு முன் படித்துவிட்டு, மறுப்பு இருந்தால் எழுத்தில் தாருங்கள். கணக்கு எழுதத் தெரிந்த, கணினி பழகிய இருவரும், வீடுகளுக்குச் சென்று விசாரிக்கப் படித்த சகோதரிகள் மூவரும் தேவை. அஸருக்குப் பின் மஃரிப் வரை அலுவலகம் திறந்திருக்கும்.